பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாய்க்குட்டிகள்

நாய்க்குப் பாஸ்போர்ட் உண்டு என்று சொன்னால் நம்ம ஊரில் சிரிப்பார்கள். ஐரோப்பாவில் நிஜமாகவே உண்டு. நீல நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம். உள்ளே நாயின் பெயர், இனம், பிறந்த தேதி, தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண், எந்தத் தேதியில் என்ன ஊசி போட்டது, போட்ட கால்நடை மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கும். பிரியப்பட்டால் போட்டோ கூட ஒட்டிக்கொள்ளலாம். (மனுஷ பாஸ்போர்ட் போட்டோவை விட அழகாகத்தான் இருக்கும்!)

சிக்கல் அந்தப் பிறந்த தேதியில்தான். பாஸ்போர்ட்டில் குட்டிக்குப் பதினைந்து வாரம் என்று எழுதியிருக்கும். வேனுக்குள் கூண்டில் கிடக்கும் குட்டிக்கோ எட்டு வாரம் கூட நிறைந்திருக்காது. தாயின் பால் மறந்தும் மறக்காத வயது. அது ஹங்கேரியிலோ லிதுவேனியாவிலோ ருமேனியாவிலோ பிறந்து, முப்பது மணி நேரத்துக்கும் மேல் வேனில் குலுங்கி, பிரான்சின் கலே துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குள் நுழைகிறது. ஒரு வாரத்தில் இணையத்தில் விளம்பரம் வரும்: "வீட்டில் அன்பாக வளர்ந்த குட்டிகள், தடுப்பூசி போட்டது, உடனே எடுத்துச் செல்லலாம்."

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தால், கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டியிருக்கிறது.

பிரிட்டன் ஒரு தீவு. ரேபிஸ் என்கிற வெறிநோயை அங்கே விலங்குகளிடமிருந்து 1922லேயே ஒழித்துவிட்டார்கள். சுற்றிலும் கடல் என்பதால் அதைக் காப்பாற்றுவதும் சுலபமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து எந்த நாய் வந்தாலும் ஆறு மாதம் தனிக் கொட்டடியில் அடைத்துவிடுவார்கள். ராஜா வீட்டு நாயாக இருந்தாலும் அதே கொட்டடிதான். தெருவில் நாய் துரத்தினால் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த நமக்கு இந்தப் பயம் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் 1969ல் நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஜெர்மனியிலிருந்து வந்த ஃப்ரிட்ஸ் என்ற நாய் ஆறு மாதக் கொட்டடி வாசத்தை ஒழுங்காக முடித்துவிட்டு கேம்பர்லி என்ற ஊரில் தன் வீட்டுக்குப் போனது. போன கொஞ்ச நாளில் வெறி பிடித்துவிட்டது! சுற்றுவட்டாரக் காடுகளில் இருந்த நரிகளையும் மற்ற விலங்குகளையும் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளும்படி ஆயிற்று. உடம்புக்குள் நுழைந்த கிருமி வெளியே தெரிய எத்தனை மாதம் எடுக்கும் என்பதற்கு அந்த நாய் ஒரு சாட்சி.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொட்டடிக்குப் பதிலாக வேறு ஏற்பாடு வந்தது. மைக்ரோசிப் வைக்கவேண்டும், ரேபிஸ் ஊசி போடவேண்டும், ரத்தத்தைச் சோதித்து ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும், பிறகு ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். அதற்கப்புறம் நாய் எஜமானரோடு ஜாலியாகக் கப்பலேறலாம். நல்ல ஏற்பாடு. முக்கியமாக, இந்தக் கணக்கில் ஒரு குட்டி பிறந்து, ஊசி போட்டு, சோதித்து, காத்திருந்து பிரிட்டனுக்குள் வருவதற்குள் அதற்கு ஒன்பது பத்து மாதம் ஆகிவிடும். ஒன்பது மாத நாயைக் "குட்டி" என்று யாருக்கும் விற்கமுடியாது. அப்படி ஒரு வியாபாரத்தை யாரும் திட்டமிட்டுத் தடுக்கவில்லை. ஊசியும் காத்திருப்பும் சேர்ந்து தானாகவே தடுத்துவிட்டன.

2012 ஜனவரி 1ஆம் தேதி பிரிட்டன் தன் விதியை மற்ற ஐரோப்பிய நாடுகளின் விதியோடு ஒத்துப்போக மாற்றிக்கொண்டது. ரத்தச் சோதனை போயிற்று. ஆறு மாதம் இருபத்தொரு நாள் ஆயிற்று. ஐரோப்பாவில் ரேபிஸ் பெருமளவு குறைந்திருந்தது, பயணிகளுக்கும் வசதி, எல்லாம் சரிதான். ஆனால் பன்னிரண்டு வாரத்தில் ஊசி, அதற்குப் பின் மூன்று வாரம், ஆக மொத்தம் பதினைந்து வாரத்தில் ஒரு குட்டி சட்டப்படியே உள்ளே வரலாம் என்றாகிவிட்டது. பதினைந்து வாரக் குட்டி வரலாம் என்றால், பதினைந்து வாரம் என்று எழுதிய எட்டு வாரக் குட்டியும் வரலாம் அல்லவா?

வந்தன. டாக்ஸ் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் ரகசியக் கேமராவோடு கிழக்கு ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பி 2014ல் முதல் அறிக்கையை வெளியிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விடாமல் வெளியிட்டது. படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கும். குட்டியைக் கண்ணால் பார்க்காமலேயே பாஸ்போர்ட் எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள், போடாத ஊசிக்குத் தேதி போட்டுக் கையெழுத்து, குட்டிகள் வழியில் கத்தாமல் இருக்க மயக்க மருந்து... உயிரைக் காப்பாற்றப் படித்தவர்களே இதைச் செய்தார்கள் என்பதுதான் மற்றதை விட உறுத்துகிறது.

துறைமுகத்தில் பிடிக்கமாட்டார்களா என்று கேட்கலாம். அங்கேதான் வேடிக்கை. வளர்ப்பு நாய்களைச் சோதிக்கும் வேலை பெரும்பாலும் அரசு அதிகாரிகளுடையது அல்ல. கப்பல் கம்பெனி, சுரங்க ரயில் கம்பெனி ஊழியர்களுடையது. அவர்கள் பார்ப்பது இரண்டே விஷயம்: சிப்பில் இருக்கும் எண்ணும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா? தேதிகள் சரியா? சிப்பைப் படிக்கும் கருவியைச் சில சமயம் ஓட்டுநர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், அவரே காருக்குள் நாயின் மேல் ஓட்டிக் காட்டுவார். குட்டியின் முகத்தை அந்த ஊழியர் பார்க்கவேண்டிய கட்டாயம் கூட இல்லை. பார்த்தாலும் வயதைக் கண்டுபிடிக்க அவர் மருத்துவரும் இல்லை. இதெல்லாம் "எங்களிடம் நாய் இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்பவர்களுக்கு. டிக்கியில் போர்வைக்கடியில் ஒளித்து வருபவர்கள் இந்த வரிசையிலேயே நிற்பதில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சொந்தச் செல்லப்பிராணி என்று ஒருவர் ஐந்து நாய் வரை கொண்டுவரலாம். விற்பனைக்கு என்றால் வேறு விதி, கூடுதல் சான்றிதழ், கூடுதல் சோதனை. ஒரு வேனில் நாலு பேர் ஏறிக்கொண்டால்? இருபது குட்டி. அத்தனையும் "என் வீட்டுச் செல்லம்"! ஒரே வயதில், ஒரே இனத்தில் ஒருவருக்கு ஐந்து செல்லம் எப்படி வந்தது என்று கேட்க அந்தக் காகிதத்தில் இடமில்லை.

எந்த இனம் என்பதும் தற்செயல் இல்லை. சப்பை மூக்கு ஃபிரெஞ்சு புல்டாக், பக், நீள உடம்பு டாக்ஸ்ஹண்ட்... எது சினிமா நட்சத்திரம் மடியில் உட்கார்ந்து போட்டோவில் வருகிறதோ அது. 2018ல் பிரிட்டன் கென்னல் கிளப் பதிவில் ஃபிரெஞ்சு புல்டாக், காலங்காலமாக முதலிடத்தில் இருந்த லாப்ரடாரையே முந்திவிட்டது. உள்ளூரில் ஒழுங்காக வளர்ப்பவரிடம் குட்டி வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? 2020ல் கொரோனா முடக்கம் வந்து எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது நாய்க்குட்டி ஆசை உச்சத்துக்குப் போயிற்று. சில இனங்களின் விலை இரண்டாயிரம் பவுண்டைத் தொட்டது. ஒரு வேனில் இருபது குட்டி என்று பெருக்கிப் பார்த்தால், போதை மருந்து கடத்துபவர்களே இந்தத் தொழிலுக்கு மாறினாலும் ஆச்சரியமில்லை. மாட்டினால் தண்டனையும் குறைவு!

குட்டிக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் "வயதில் ஏழு வாரம் பொய் சொன்னால் என்ன குடி முழுகிப்போச்சு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறந்த குட்டிக்குத் தாயின் முதல் பாலிலிருந்து எதிர்ப்பு சக்தி கிடைக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைவதற்கு முன்னால் தடுப்பூசி போட்டால் தாயின் எதிர்ப்பு சக்தியே அந்த ஊசியை முறியடித்துவிடும், ஊசி வீண். கரைந்தபின் ஊசி போடாவிட்டால் குட்டி நிராயுதபாணி. இந்த இடைவெளியில்தான், அதாவது சரியாக எட்டு பத்து வாரத்தில்தான், இதைத் தாயிடமிருந்து பிரித்து, வேறு வேறு ஊர்க் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்து, தண்ணீரும் தூக்கமும் இல்லாமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். பார்வோ வைரஸுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. ஒரு குட்டிக்கு இருந்தால் போதும், வேன் முழுக்கப் பரவிவிடும். ரத்தக் கழிச்சல், வாந்தி, உடம்பில் நீர் வற்றிப்போவது. கிருமி நுழைந்து சில நாள் கழித்துத்தான் நோய் தெரியும் என்பதால் விற்பவர் கையில் குட்டி துள்ளும், வாங்கியவர் வீட்டில் படுத்துவிடும். குழந்தைகள் பெயர் வைத்து, படுக்கை வாங்கி, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பி முடித்த மூன்றாம் நாள் அது மருத்துவமனையில் டிரிப்ஸோடு கிடக்கும். விற்றவரின் போன் அணைந்திருக்கும்.

பிழைத்துக்கொண்டாலும் முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை ஒரு நாய்க்குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம். மனிதர்கள், குழந்தைகள், சத்தம், மற்ற நாய்கள், எது ஆபத்து எது இல்லை எல்லாம் அப்போதுதான் மனதில் பதியும். அந்த நாட்களை இருட்டு வேனில் கழித்த நாய் பெரிதானதும் எதற்கெடுத்தாலும் நடுங்கும், அல்லது கடிக்கும். கடித்தால் பழி நாய்க்கு. இதில் அநியாயம் என்னவென்றால், பிடிபட்டுக் காப்பாற்றப்படும் குட்டிக்கும் இதில் முழு விடுதலை இல்லை. சட்டப்படி அது சில வாரங்களாவது தனிமைக் கொட்டடியில் இருந்தாகவேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய அதே வாரங்கள்! டாக்ஸ் ட்ரஸ்ட் 2015 டிசம்பரிலிருந்து டோவர் துறைமுகத்தில் பிடிபடும் குட்டிகளுக்கு இந்தச் செலவை ஏற்று, பராமரித்து, பிறகு வீடு தேடிக் கொடுக்கிறது. இதுவரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் அப்படி வந்திருக்கின்றன. பிடிபடாதவை எத்தனையோ.

இனி ஊருக்கு என்ன ஆபத்து என்பது. 2004 கோடையில் மொராக்கோவிலிருந்து ஸ்பெயின் வழியாக காரில் ஒரு குட்டியை சட்டவிரோதமாக பிரான்சின் போர்தோ பக்கம் கொண்டுவந்தார்கள். ஊசி கிடையாது, காகிதம் கிடையாது. கோடைத் திருவிழாக் கூட்டங்களிலெல்லாம் அது சுற்றியது, கொஞ்சியவர்கள் கொஞ்சினார்கள். ஆகஸ்டில் ரேபிஸில் செத்தது. அதற்கப்புறம் அந்தக் கூட்டங்களில் யார் யாரைக் கடித்தது, யார் யாரை நக்கியது என்று நாடு முழுக்கத் தேடவேண்டியதாயிற்று. எத்தனையோ பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். 2012ல் நெதர்லாந்திலும் மொராக்கோவிலிருந்து வந்த ஒரு குட்டியால் இதே கதை. ஆனால் 2008 ஏப்ரலில் இலங்கையிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ஒரு குட்டிக்கும் ரேபிஸ் இருந்தது. அது முறைப்படி கொட்டடியில் இருந்ததால் விஷயம் கொட்டடியோடு முடிந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சுவர்தான்.

ரேபிஸ் மட்டுமல்ல. 2012ல் விதி மாறியபோது உண்ணி மருந்து கட்டாயம் என்பதையும் எடுத்துவிட்டார்கள். சின்ன விஷயம் மாதிரிதான் இருந்தது. 2016 வாக்கில் எசெக்ஸில் ஹார்லோ என்ற ஊரில் சில நாய்கள் பபீசியா என்ற ரத்த நோயில் விழுந்தன. உண்ணியால் பரவும் நோய் அது, பிரிட்டனில் சாதாரணமாகப் பார்க்காதது. அந்த நாய்களோ வாழ்நாளில் ஊரைத் தாண்டியதில்லை. பார்த்தால் உள்ளூர்ப் புல்வெளி உண்ணிகளிலேயே அந்தக் கிருமி குடியேறியிருந்தது! யாருடைய நாயில் ஒட்டிக்கொண்டு வந்ததோ. கள்ளத்தனமாக வந்ததா, ஒழுங்காக வந்ததா என்று இனி சொல்லமுடியாது. புருசெல்லா கேனிஸ் என்று இன்னொன்று, மனிதருக்கும் தொற்றக்கூடியது, அதிகமும் ருமேனியாவிலிருந்து வந்த நாய்களிடம் தென்பட்டது. இங்கே தர்மசங்கடமான ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் நாய்களை எல்லாம் கடத்தல்காரர்கள் கொண்டுவருவதில்லை. தெருநாயைக் காப்பாற்றுகிறோம் என்று நல்ல மனதோடு கொண்டுவருபவர்களும் ஏராளம். கிருமிக்கு நல்ல மனது கெட்ட மனது தெரியாது. 2022 மே மாதம் உக்ரைன், பெலாரஸ், போலந்து, ருமேனியா நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக்கும் நாய்கள் வருவதை பிரிட்டன் சில மாதம் நிறுத்திவைத்தது.

சரி, சட்டம் என்ன செய்தது? முதலில் வந்தது லூசி சட்டம். லூசி, வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013ல் மீட்ட கவாலியர் ஸ்பானியல் நாய். ஓயாமல் குட்டி போட்டு, இடுப்பெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன நிலையில் கிடைத்தது, 2016ல் இறந்துபோனது. மார்க் ஏப்ரஹாம் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று நடத்திய போராட்டத்துக்கு அதன் பெயர் வந்தது. 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கமுடியாது. வளர்ப்பவரே, பிறந்த இடத்திலேயே, தாயோடு காட்டி விற்கவேண்டும்.

அருமையான சட்டம். ஆனால் திருடனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? தாயோடு காட்டவேண்டுமா, சரி, தாயையே கொண்டுவருவோம் என்று கிளம்பிவிட்டார்கள். நிறைசினை நாய்களை வேனில் ஏற்றி வந்து, இங்கிலாந்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் குட்டி போட வைத்து, "பாருங்கள், அம்மாவும் இருக்கிறாள்" என்று காட்டினார்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் அறுபத்துமூன்று நாள். கடைசி பத்து சதவீதத்தில், அதாவது கடைசி ஆறு நாளில், பயணம் கூடாது என்றுதான் பழைய விதி. ஐம்பத்தாறாவது நாளா, ஐம்பத்தெட்டாவது நாளா என்று துறைமுகத்தில் நிற்பவர் எப்படிச் சொல்வார்? குட்டிகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம் தாயை வேனில் ஏற்றிவிட்டது என்பது கசப்பான உண்மை.

இதற்கான விடையை முதலில் 2021ல் ஒரு பெரிய மசோதாவில் கொண்டுவந்தார்கள், 2023ல் கைவிட்டார்கள். பிறகு ஒரு எம்.பி. தனி மசோதா கொண்டுவந்தார், 2024 பொதுத்தேர்தல் குறுக்கே வந்து அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை, கால்நடை மருத்துவரும் வின்செஸ்டர் எம்.பி.யுமான டேனி சேம்பர்ஸ் கொண்டுவந்த மசோதா 2025 இறுதியில் சட்டமாயிற்று. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி கூடாது, நாற்பத்திரண்டு நாளைத் தாண்டிய சினை நாய் கூடாது, காதோ வாலோ நறுக்கிய நாய் கூடாது, ஒரு ஆளுக்கு ஐந்து என்பது போய் ஒரு வண்டிக்கே ஐந்து என்பவை அதன் உள்ளடக்கம். (காது நறுக்குவது இங்கிலாந்தில் குற்றம். ஆனால் உள்ளூரில் திருட்டுத்தனமாக நறுக்கிவிட்டு "வெளிநாட்டில் வாங்கினேன், அப்படியே வந்தது" என்று தப்பிப்பது வழக்கமாயிருந்தது.)

ஆறு மாதம் என்ற எண்ணைத்தான் கவனிக்கவேண்டும். குட்டிக்கு முதலில் இருபத்தெட்டு பால் பற்கள். மூன்று நான்கு மாதத்தில் முன்பற்கள் விழுந்து முளைக்க ஆரம்பிக்கும். ஆறேழு மாதத்தில் நாற்பத்திரண்டு நிலைப்பற்களும் வந்துவிடும். பதினைந்து வாரம் என்பது பல் மாறத் தொடங்கும் குழப்பமான நேரம். பன்னிரண்டா, பதினைந்தா என்று அனுபவசாலி மருத்துவரே தயங்குவார். ஆனால் ஆறு மாத நாயின் வாயைத் திறந்தால் பெரிய கோரைப்பல் தெரியும். அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லப் பட்டப்படிப்பு தேவையில்லை, கப்பல் கம்பெனி ஊழியரே போதும். பாஸ்போர்ட்டில் என்ன பொய் எழுதினாலும் பல்லில் எழுதமுடியாது. அதோடு, ஆறு மாத நாய் அரைகுறையாக வளர்ந்து, கால் நீண்டு, செருப்பைக் கடித்துக்கொண்டு நிற்கும். விளம்பரத்தில் போட்டால் யாரும் இரண்டாயிரம் பவுண்ட் தரமாட்டார்கள். 2012க்கு முன்னால் தற்செயலாக இருந்த தடையை இந்தத் தடவை தெரிந்தே கட்டுகிறார்கள்.

சட்டம் பாஸானதும் எல்லாம் மாறிவிடாது. அது அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கிறது, அவர் தனியாக விதிகள் கொண்டுவந்து தேதி குறித்தால்தான் தடை நடைமுறைக்கு வரும். யாராவது வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால்தான் பல் சாட்சி சொல்லும். இரவிலும் வார இறுதியிலும் துறைமுகத்தில் ஆள் வேண்டும், சோதிக்க அதிகாரிகளுக்குச் சம்பளம் வேண்டும். டிக்கிக்குள் வரும் குட்டிக்கு எந்த வயது வரம்பும் பொருட்டில்லை.

வாங்குபவர்களுக்கு அங்கே தொண்டு நிறுவனங்கள் சொல்லும் யோசனைகள் ரொம்ப எளிமையானவை. தாயோடு பார், ஒரு தடவைக்கு மேல் போய்ப் பார், கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கைமாற்றாதே, அவசரப்படுத்தினால் விலகு. தாய் குட்டிகளைக் கண்டுகொள்ளாமல் ஒதுங்கி நின்றாலோ, குட்டிகள் அதன் மடியைத் தேடாமல் இருந்தாலோ அது வாடகைத் தாயாக இருக்கலாம். ஆனால் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியில் நோஞ்சானாக ஒரு குட்டி நிமிர்ந்து பார்க்கிறது. ஏமாற்று என்று தெரிந்துவிட்டது. விட்டுவிட்டு வந்தால் அது செத்துப்போகும் என்றும் தெரிகிறது. "பாவம், நாமாவது காப்பாற்றுவோம்" என்று பணத்தைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பணத்தில்தான் அடுத்த வேனுக்கு டீசல் போடுகிறார்கள்.